ஆறு வட்டு, 48 டெராபைட், கையில் மிஞ்சுவது எவ்வளவு? ரெய்டு கால்குலேட்டர்கள்: ஒரு மதிப்பீடு

பல வட்டுகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு போகாமல் வைக்கும் முறைதான் ரெய்டு. வட்டு வாங்கும் முன் எல்லோரும் ஒரு ரெய்டு கால்குலேட்டரைத் திறந்து பார்க்கிறார்கள். இணையத்தில் கிடைப்பவற்றை நான்கு வகைக்குள் அடக்கிவிடலாம். வட்டு எண்ணிக்கை, அளவு, ரெய்டு நிலை என்ற மூன்றை மட்டும் கேட்கும் பொதுக் கால்குலேட்டர்கள் முதல் வகை. சினாலஜி போன்ற நாஸ் (வலையமைப்பில் இணையும் சேமிப்புப் பெட்டி) நிறுவனங்கள் தங்கள் பெட்டிகளுக்கென்று வைத்திருப்பவை இரண்டாவது. இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்துக்கென்றே (வட்டில் கோப்புகளை வைத்துப் பராமரிக்கும் அமைப்பு) எழுதப்பட்டவை மூன்றாவது, பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்துக்கானவை நான்காவது.

பாரிட்டிக்கு, அதாவது பழுதான வட்டின் தரவை மீட்க வைக்கும் கூடுதல் தரவுக்குப் போகும் இடத்தை நான்கு வகையுமே சரியாகக் கழித்துவிடுகின்றன. ரெய்டு 5 என்றால் ஒரு வட்டு, ரெய்டு 6 என்றால் இரண்டு, ரெய்டு 10 என்றால் (அங்கே பாரிட்டிக்குப் பதில் நகல்) பாதி. இதற்குக் கால்குலேட்டரே தேவையில்லை, விரல் விட்டு எண்ணலாம். பாரிட்டிக்குப் பிறகு வரும் கழிவுகளை யார் போடுகிறார், யார் விட்டுவிடுகிறார் என்பதில்தான் இவை பிரிகின்றன. வாங்கிப் பூட்டிய பிறகு "மூன்று டெராபைட் எங்கே போயிற்று" என்ற கேள்வி வருவதும் அந்த இடத்தில்தான். ஆகவே இங்கே ஒவ்வொன்றையும் அந்த ஒரு அளவுகோலால் மட்டுமே மதிப்பிட்டிருக்கிறோம். எடுத்துக்காட்டுக்கு 8 டெராபைட் வட்டு ஆறு, இரண்டு வட்டு போனாலும் தாங்கும் அமைப்பு.

முதலில் கையால் போட்ட கணக்கு. 8 டெராபைட் என்று அச்சிட்ட ஹார்டு டிஸ்க்கில் 512 பைட் செக்டர் கணக்கில் 15,628,053,168 செக்டர்கள் இருக்கும். இது ஏனோதானோ எண் அல்ல. கிகாபைட்டில் சொன்ன அளவிலிருந்து 50ஐக் கழித்து, 1,953,504ஆல் பெருக்கி, 97,696,368ஐக் கூட்ட வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் தங்களுக்குள் ஒத்துக்கொண்ட ஐடிஇஎம்ஏ (வட்டுத் தொழில் சங்கம்) சூத்திரம் தருவது. 8000 போட்டால் மேலே சொன்ன எண் அப்படியே வரும். ஒரு நிறுவனத்தின் வட்டு பழுதானால் வேறொரு நிறுவனத்தின் 8 டெராபைட் வட்டை அதே இடத்தில் செருக முடிவது பெரும்பாலும் இந்த ஒப்பந்தத்தால்தான். எஸ்எஸ்டிகளில் இந்த நிம்மதி இல்லை. 960 கிகாபைட்டும் 1000 கிகாபைட்டும் "ஒரு டெராபைட்" என்ற பேச்சு வழக்கில் கலந்துவிடும், ரெய்டில் சேர்த்தால் சிறியதன் அளவுக்கே மற்றவையும் இறங்கும்.

அந்தச் செக்டர்களை 512ஆல் பெருக்கினால் 8,001,563,222,016 பைட். இதை இரண்டின் அடுக்குக் கணக்கில், அதாவது டெபிபைட்டில் சொன்னால் 7.277. ஆறு வட்டுக்கு 43.66 டெபிபைட், பாரிட்டிக்கு இரண்டு போக 29.11. அட்டைப்பெட்டியில் கூட்டிப் பார்த்த 48, முதல் இரண்டு வரியிலேயே 29 ஆகிவிட்டது. இதில் உண்மையான கழிவு பாரிட்டி மட்டும்தான், மற்றது அலகு மாறியதால் வந்த தோற்றம். கிலோவில் 2.3 சதவீதமாக இருக்கும் இந்த இடைவெளி, கிகாவில் 6.9, டெராவில் 9.05, பெட்டாவில் 11.2 என்று ஏறிக்கொண்டே போகும். விண்டோஸ் டெபிபைட்டில் கணக்கிட்டு டெராபைட் என்ற பெயரைப் போடுகிறது. மேக் 10.6 முதல் பதின்மக் கணக்கைக் காட்டுகிறது. ஒரே வட்டு வரிசையை இரண்டு கணினியிலிருந்து பார்த்து இரண்டு எண் சொல்பவர்கள் சண்டை போட வேண்டியதில்லை.

பொதுக் கால்குலேட்டர்களின் முதல் குறை இங்கேயே தெரிந்துவிடும். 32 என்று விடை சொல்லி நிறுத்தினால் அது அட்டை அளவு, 29.1 என்றால் டெபிபைட். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டுவதே நல்ல கால்குலேட்டர். அலகின் பெயரைப் போடாமல் வெறும் எண்ணை மட்டும் காட்டுவதை உடனே மூடிவிடலாம்.

இரண்டாவது குறை, அவை ஃபைல் சிஸ்டத்தைக் கேட்பதே இல்லை. லினக்ஸ் ரெய்டு 6 மேல் எக்ஸ்ட்4 போடுகிறோம் என்று வையுங்கள். எக்ஸ்ட்4 இரண்டு இடத்தில் எடுக்கும். ஒன்று ஐநோடு (ஒரு கோப்பின் விவரக் குறிப்பு) அட்டவணை. சாதாரண அளவுக்கு 16 கிபிபைட்டுக்கு (ஒரு கிபிபைட் 1024 பைட்) ஒரு ஐநோடு, ஒவ்வொன்றும் 256 பைட், ஆக 1.56 சதவீதம். ஆனால் 16 டெராபைட்டைத் தாண்டினால் பார்மேட் கருவி தானாகவே 64 கிபிபைட்டுக்கு ஒன்று என்ற கணக்குக்கு மாறும், எனவே நம் 29.11இல் 0.11 டெபிபைட்தான் போகும். பெரிய கழிவு மற்றொன்று: ரூட்டுக்கென்று (நிர்வாகப் பயனர்) ஒதுக்கும் 5 சதவீதம். 29.11இல் இது 1.46 டெபிபைட். ஆக சாதாரணப் பயனருக்குக் கிடைப்பது 27.5. இயங்குதளம் இருக்கும் பகிர்வுக்கு இந்த ஒதுக்கீடு அவசியம், வெறும் தரவு வைக்கும் இடத்துக்கு ஒரு சதவீதம் போதும். டியூன்2எஃப்எஸ் கட்டளையில் எம் தேர்வுக்கு 1 கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே 1.16 டெபிபைட் திரும்பி வந்துவிடும். புது வட்டு வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய முதல் வேலை இது. எக்ஸ்எஃப்எஸ்ஸில் ரூட்டுக்கான ஒதுக்கீடும் இல்லை, முன்கூட்டியே போடும் ஐநோடு அட்டவணையும் இல்லை.

பொதுக் கால்குலேட்டர்களில் ஹாட் ஸ்பேருக்கு (ஒன்று பழுதானால் உடனே அதன் இடத்தை எடுக்கக் காத்திருக்கும் வட்டு) இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஆறில் ஒன்று ஸ்பேர் என்றால் பாரிட்டிக் கணக்கே ஐந்து வட்டில்தான் தொடங்க வேண்டும். இதைக் கேட்காத கால்குலேட்டர் உங்களுக்கு 7.28 டெபிபைட் அதிகம் சொல்லும். மொத்தத்தில், வன்பொருள் ரெய்டு அட்டையில் ஒரே அளவு வட்டுகளைப் போடுபவருக்கு இவ்வகை போதும், மற்றவர்களுக்குப் போதாது.

நாஸ் நிறுவனக் கால்குலேட்டர்கள்

வெவ்வேறு அளவு வட்டுகளைக் கலந்து போடுபவர்களுக்குச் சினாலஜியின் ரெய்டு கால்குலேட்டர் உண்மையிலேயே பயன்படும். எஸ்எச்ஆர் என்ற தன் கலப்பு ரெய்டு முறையையும் வழக்கமான ரெய்டு 5ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கிடைக்கும் இடம், பாதுகாப்புக்குப் போகும் இடம், வீணாகும் இடம் என்று பட்டையாகக் காட்டிவிடும். 4, 4, 8, 8 டெராபைட் என்று நான்கு வட்டு போட்டால், ரெய்டு 5இல் எல்லாமே 4ஆகக் கருதப்பட்டு 12தான் கிடைக்கும், 8 டெராபைட் சும்மா கிடக்கும். எஸ்எச்ஆரில் நான்கு வட்டின் முதல் 4 டெராபைட்டும் சேர்ந்து ஒரு ரெய்டு 5, பெரிய இரண்டில் மிஞ்சிய 4 டெராபைட்டும் சேர்ந்து ஒரு ரெய்டு 1 (ஒன்று மற்றொன்றின் நகல்), ஆக 16.

ஒரு வட்டு போனால் தாங்கும் எஸ்எச்ஆருக்கு எளிய வழி உண்டு. எல்லாவற்றையும் கூட்டி, மிகப் பெரிய வட்டை மட்டும் கழித்தால் போதும். 24இல் 8 போக 16. இந்தக் கணக்கு எந்தக் கலவைக்கும் பொருந்தும், வட்டுகளை எந்த வரிசையில் மாற்றுவது என்று திட்டமிடவும் உதவும். நான்கு 4 டெராபைட் இருக்கும் பெட்டியில் 12 இருக்கிறது. ஒன்றை எடுத்துவிட்டு 8 போட்டால் 20இல் 8 போக மறுபடியும் 12. ஒரு பைட்கூட ஏறாது. இரண்டாவதையும் மாற்றினால்தான் 16. இடம் போதவில்லை என்று ஒரே ஒரு பெரிய வட்டு வாங்கி வருபவர்கள் ஏமாறுவது இங்கேதான், அந்தக் கால்குலேட்டரில் இரண்டு நிமிடம் செலவிட்டால் இது கண்ணுக்கு முன் தெரிந்துவிடும்.

அட்டை டெராபைட்டில் 16 என்று வரும் விடை, பெட்டியின் திரையில் 14.5 என்றே தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒவ்வொரு வட்டிலும் இயங்குதளத்துக்கும் ஸ்வாப்புக்குமாக (நினைவகத்துக்குத் துணையான வட்டிடம்) சில கிகாபைட் போகும். பெரிய வட்டில் அது கணக்கிலேயே வராது.

இசட்எஃப்எஸ் கால்குலேட்டர்கள்

மேலே சொன்ன வகைகளைக் கொண்டு இசட்எஃப்எஸ் அமைப்பைக் கணக்கிடக் கூடாது. இசட்எஃப்எஸ்ஸின் இரண்டு பாரிட்டி அமைப்பான ரெய்டு-இசட்2 என்பது ரெய்டு 6 போலத்தானே என்று நினைத்து இரண்டு வட்டைக் கழிப்பவர்களுக்கு, சில அகலங்களில் இரண்டு டெபிபைட்டுக்கு மேல் துண்டு விழும்.

காரணத்தை ஒரு பிளாக்கை எடுத்து நெருங்கிப் பார்த்தால் புரியும். இசட்எஃப்எஸ் கோப்பை வழக்கமாக 128 கிபிபைட் துண்டுகளாக எழுதுகிறது, இந்த அளவுதான் ரெக்கார்டு சைஸ். வட்டில் ஒரு செக்டர் 4 கிபிபைட் என்றால் அது 32 செக்டர். ஏழு வட்டு ரெய்டு-இசட்2இல் ஒரு வரிசைக்கு (வட்டுக்கு ஒரு செக்டர் வீதம்) ஐந்து செக்டர் தரவு, இரண்டு செக்டர் பாரிட்டி. ஆறு வரிசையில் 30 தீர்ந்துவிடும், ஏழாவது வரிசையில் தரவு இரண்டே செக்டர், ஆனால் பாரிட்டி அதற்கும் முழுதாக இரண்டு வேண்டும். ஆக 32 தரவு, 14 பாரிட்டி, மொத்தம் 46. இதோடு முடியவில்லை. ரெய்டு-இசட் எப்போதும் பாரிட்டி எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிய மடங்கிலேயே இடம் எடுக்கும், ரெய்டு-இசட்2இல் மூன்றின் மடங்கு. அழித்த பிறகு விடும் இடைவெளி எதற்கும் உதவாத சிறு துண்டாகிவிடக் கூடாது என்பதற்காக. எனவே 46, 48 ஆகிறது, கடைசி இரண்டு செக்டர் வெறும் பேடிங், அதாவது இடத்தை நிரப்பும் வெற்றுச் செக்டர். 48இல் 32 என்றால் 66.7 சதவீதம். ஏழில் ஐந்து என்று எதிர்பார்த்தது 71.4.

ஆறு வட்டில் ஒரு வரிசைக்கு நான்கு செக்டர், எட்டு வரிசை, 16 பாரிட்டி, மொத்தம் 48. மிச்சமில்லை, பேடிங் இல்லை, அதுவும் 66.7 சதவீதம். ஆக ஏழாவது வட்டைச் சேர்த்து அமைத்தால் கூடுவது 7.28 அல்ல, 4.85 டெபிபைட்தான். எட்டு வட்டில் தரவு 32, பாரிட்டி 12, மொத்தம் 44, அது 45 ஆகும். 43.66 கிடைக்கும் என்று நினைத்த இடத்தில் 41.4.

இதையே நல்ல கால்குலேட்டரையும் மேலோட்டமானதையும் பிரித்தறியும் சோதனையாக வைத்துக்கொள்ளலாம். ஏழு 8 டெராபைட் வட்டு, ரெய்டு-இசட்2, 128 கிபிபைட் ரெக்கார்டு சைஸ் என்று கொடுங்கள். 36.4 டெபிபைட் என்று விடை வந்தால் அதற்குப் பேடிங் தெரியாது. 34க்குச் சற்றுக் குறைவாக வந்தால் நம்பலாம். ஆறு வட்டை வைத்துச் சோதித்தால் இரண்டும் ஒரே விடை சொல்லும், வேறுபாடு தெரியாது.

நம்பத்தக்கவை வேறு சில கேள்விகளையும் கேட்கும்: செக்டர் அளவைக் குறிக்கும் ஆஷிஃப்ட், ரெக்கார்டு சைஸ், ஸ்லாப் எனப்படும் ஒதுக்கீடு. ஸ்லாப் என்பது வட்டு வரிசை முழுக்க நிரம்பினாலும் அழிக்கும் வேலை நடப்பதற்கென்று இசட்எஃப்எஸ் தனக்கு வைத்துக்கொள்ளும் இடம். 32இல் ஒரு பங்கு. பழைய கணக்கில் நம் 29.11இல் 0.9 டெபிபைட் இதற்கே போகும். ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.1 முதல் உச்சவரம்பு 128 ஜிபிபைட், ஆக இப்போது 0.125 மட்டுமே. இன்னும் 3.1 சதவீதத்தைக் கழிக்கும் கால்குலேட்டர் பழையது என்று பொருள். பெரிய வரிசைகளில் இந்தப் பிழை பல டெபிபைட்டாகும். இசட்எஃப்எஸ்ஸில் இயங்கும் நாஸ் மென்பொருளான ட்ரூநாஸின் பழைய பதிப்புகள் ஒவ்வொரு வட்டிலும் 2 ஜிபிபைட் ஸ்வாப்பும் எடுக்கும், பொருட்படுத்த வேண்டாம்.

இவ்வளவு நுணுக்கமாகக் கணக்குப் போடுபவர்களும் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. மெய்நிகர் கணினிகளுக்கும் ஐஸ்கஸிக்கும் (வலையமைப்பு வழியே வட்டைத் தரும் முறை) இசட்வால், அதாவது இசட்எஃப்எஸ் வெறும் வட்டுபோலத் தரும் பகுதி, வைப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். இசட்வாலின் பிளாக் அளவு ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.2 முதல் 16 கிபிபைட், அதற்கு முன் 8. ரெய்டு-இசட்2இல் 8 கிபிபைட் பிளாக்குக்கு இரண்டு செக்டர் தரவு, இரண்டு பாரிட்டி, ஆக நான்கு. மூன்றின் மடங்காக்கினால் ஆறு. ஆறில் இரண்டு, அதாவது 33 சதவீதம். எத்தனை வட்டைச் சேர்த்து அகலப்படுத்தினாலும் இது மாறாது. ஆறு வட்டு வரிசையில் ஒரு டெபிபைட் இசட்வால் உருவாக்கி நிரப்பினால் இரண்டு டெபிபைட் செலவானதாகக் காட்டும். 29இல் 14.5தான் கையில் கிடைக்கும். அதே வரிசையில் பிளாக் அளவை 16 ஆக்கினால் நான்கு தரவு, இரண்டு பாரிட்டி, பேடிங் இல்லாமல் 66.7 சதவீதம் திரும்பி வரும். இசட்வாலை உருவாக்கும்போதுதான் இதை அமைக்க முடியும், பிறகு மாற்ற வழியில்லை. முழுக்க இசட்வாலுக்கு என்றால் ஒரே தரவை இரண்டு வட்டில் வைக்கும் மிரர் ஜோடிகளே மேல். அங்கே பாரிட்டியும் இல்லை, பேடிங்கும் இல்லை, ஐம்பது என்றால் ஐம்பது. டிரெய்டு (ஸ்பேரையும் எல்லா வட்டிலும் பரப்பி வைக்கும் ரெய்டு-இசட் வகை) வைப்பவர்களுக்கு இது இன்னும் கடுமை: தரவு அகலம் 8, செக்டர் 4 கிபிபைட் என்றால் எவ்வளவு சிறிய எழுத்தும் 32 கிபிபைட் எடுக்கும்.

பெரிய கோப்புகள் வைப்பவருக்கு எதிர்ப்பக்கம் லாபம். ரெக்கார்டு சைஸை 1 மெபிபைட் ஆக்கினால் ஏழு வட்டு ரெய்டு-இசட்2இல் 256 செக்டர் தரவுக்கு 104 பாரிட்டி, மொத்தம் 360, பேடிங் பூஜ்யம், 71.1 சதவீதம். ஆனால் காலி இடம் எவ்வளவு என்று இசட்எஃப்எஸ் சொல்வது எப்போதும் 128 கிபிபைட் கணக்கில்தான். அதனால் காலி இடம் கூடியதாகக் காட்டாது, அதற்குப் பதில் 1 மெபிபைட் கோப்பு 960 கிபிபைட் எடுத்துக்கொண்டதாகக் காட்டும். சுருக்கம் எதுவும் போடாமலே கோப்பு சுருங்கியது போலத் தெரிவது இதனால்தான்.

சரிபார்க்கும்போது எந்தக் கட்டளையைப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். இசட்பூல் லிஸ்ட், ரெய்டு-இசட்டில் பாரிட்டியையும் சேர்த்து 43.66 என்ற வகையில் காட்டும், மிரரில் அப்படிச் சேர்க்காது. கால்குலேட்டர் விடையோடு ஒப்பிட வேண்டியது இசட்எஃப்எஸ் லிஸ்ட் காட்டும் எண்ணை.

பிடிஆர்எஃப்எஸ்

இங்கே கால்குலேட்டர் இல்லாமல் கணக்குப் போடவே வேண்டாம். பிடிஆர்எஃப்எஸ்ஸில் ரெய்டு 1 என்றால் எல்லா வட்டிலும் நகல் என்று பொருளல்ல, எத்தனை வட்டு இருந்தாலும் இரண்டு நகல். 4, 4, 8 என்று மூன்று வட்டில் 8 டெராபைட் முழுதாகக் கிடைக்கும். 2, 2, 8 என்றால் 4தான், பெரிய வட்டுக்கு ஈடாக மற்றவை போதாததால் நான்கு டெராபைட் வீண். பெரியது மற்றவற்றின் கூட்டுத்தொகையைத் தாண்டாதவரை மொத்தத்தில் பாதி என்பது விதி. இதற்கான கால்குலேட்டர்கள் வீணாகும் பகுதியைத் தனியாகக் காட்டுகின்றன, நம்பலாம். ரெய்டு 5, 6 தேர்வுகளும் அவற்றில் இருக்கும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் பாரிட்டி பொருந்தாமல் போகும் குறை அங்கே தீராததால், முக்கியமான தரவுக்கு அந்த வரிகளைப் பார்க்காமல் விடுவதே நல்லது. ஓடும் வரிசையில் டிஎஃப் கட்டளை காட்டும் காலி இடத்தை நம்பாமல் பிடிஆர்எஃப்எஸ் ஃபைல்சிஸ்டம் யூசேஜ் கட்டளையைப் பாருங்கள்.

எந்த விடையிலும் இன்னும் கழிக்க வேண்டியவை

சிறந்த கால்குலேட்டர் தந்த 29 டெபிபைட்டும் நிரப்பிப் பயன்படுத்தும் இடமல்ல. நகலெடுத்து மாற்றி எழுதும் முறையில் இயங்கும் இசட்எஃப்எஸ்ஸும் பிடிஆர்எஃப்எஸ்ஸும் நிரம்ப நிரம்பத் தொடர்ச்சியான காலி இடம் கிடைக்காமல் திணறும். இசட்எஃப்எஸ்ஸுக்கு 80 சதவீதத்தோடு நிறுத்துவது வழக்கம். ஒரு மெட்டாஸ்லாப்பில் (வட்டிடத்தை இசட்எஃப்எஸ் பிரித்து வைக்கும் பகுதி, மேலே சொன்ன ஸ்லாப் அல்ல) காலி இடம் 4 சதவீதத்துக்குக் கீழே போனால் இடம் தேடும் முறையே மாறி, எழுதும் வேகம் சட்டென்று விழும். நம் ஆறு வட்டில் ஸ்லாப் போக 28.98, அதில் 80 சதவீதம் 23.2 டெபிபைட். பதின்மக் கணக்கில் 25.5 டெராபைட். 48க்குத் திட்டமிட்டவர் இந்த எண்ணைத்தான் எழுதி வைக்க வேண்டும்.

ஒரு நேரத்து நிலையைப் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டை எந்தக் கால்குலேட்டரும் உங்களுக்காக ஊகிக்க முடியாது, மாற்றத்தின் வேகம் உங்களுக்குத்தான் தெரியும். 20 டெபிபைட் தரவில் நாளொன்றுக்கு ஒரு சதவீதம் வேறு வேறு இடங்களில் மாறுகிறது, 30 நாள் வைக்கிறோம் என்றால் 6 டெபிபைட். 23.2இல் 20 போக மிஞ்சுவது 3.2 என்பதைப் பார்த்தால், இந்த வரிசை அந்த வேலைக்குப் போதாது என்பது வாங்கும் முன்பே தெரிந்துவிடும். சுருக்கமும், ஒரே தரவை ஒருமுறை மட்டும் வைக்கும் டீடூப்பும் சேர்த்து "எஃபெக்டிவ்" கொள்ளளவு என்று பெரிய எண்ணைச் சொல்லும் விற்பனைத் தாள்களை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. வீடியோ, படம், மறையாக்கம் செய்த காப்புநகல் எதுவும் சுருங்காது.

கடைசியாக, ரெய்டு-இசட் விரிவாக்கம். 2025 ஜனவரியில் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3 முதல் ஒரு வட்டைச் சேர்த்து அகலப்படுத்த முடிகிறது. கால்குலேட்டரில் ஐந்து வட்டு ரெய்டு-இசட்1 என்று போட்டால் 29.1 டெபிபைட் வரும். ஆனால் நான்கில் தொடங்கி ஐந்தாக்கிய வரிசை 26.5 என்றே காட்டும், நான்கு வட்டின் 72.7 சதவீத விகிதத்தையே அது தொடர்ந்து கணக்குக்கு வைத்துக்கொள்வதால். புதிதாக எழுதும் 128 கிபிபைட் பிளாக் 116 கிபிபைட் எடுத்ததாகக் காட்டும், அதாவது இடம் உண்மையில் இருக்கிறது, எண் மட்டும் குறைவு. ஆனால் பழைய கோப்புகள் பழைய பாரிட்டி விகிதத்திலேயே கிடக்கின்றன. அவற்றை மறுபடியும் எழுதி (எடுத்துக்காட்டாக, இசட்எஃப்எஸ்ஸின் வேறொரு தனிப் பகுதியான டேட்டாசெட்டுக்கு நகலெடுத்து மூலத்தை அழித்து), பழையதைப் பிடித்து வைத்திருக்கும் ஸ்னாப்ஷாட்களையும் அழித்தால்தான் அந்த இடம் திரும்பும்.